பட்டறையும் வகுப்பும்: கனடாவின் கோ-ஒப் டிப்ளோமாவா, இங்குள்ள பயிற்சி ஆண்டா?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பம் படிக்க விரும்பும் பிள்ளைகளும் அவர்களது பெற்றோரும் யாழ்ப்பாணத்தில் என்னைத் தேடி வருவதுண்டு. ‘இங்கேயா, கனடாவிலா’ என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதற்கு முன் இரண்டு விடயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து: படிப்புக்குள் தொழிற்சாலை வேலை எந்த இடத்தில் வருகிறது, அந்த வேலையைத் தேடிப்பிடிப்பது யார் பொறுப்பு. ஒன்ராறியோக் கல்லூரிகளின் கோ-ஒப் டிப்ளோமா, மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தொழில்நுட்பவியல் நிறுவகத்தின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா, கிளிநொச்சியில் ‘ஜேர்மன் ரெக்’ என்று அழைக்கப்படும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகிய மூன்றையும் அந்த இரண்டையும் கொண்டே இங்கு எடை போடுகிறேன்.

கோ-ஒப் என்றதும் நம்மவர் பலருக்குச் சங்கக்கடை நினைவுக்கு வரலாம். இங்கு அது கல்லூரியும் தொழில் நிறுவனமும் மாறி மாறி ஒரே மாணவனைப் பயிற்றுவிக்கும் முறையைக் குறிக்கிறது. 1906 இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் தொடங்கிய இம்முறையை, 1957 இல் உருவான கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகம் தொடக்கத்திலிருந்தே கைக்கொண்டது. ஒன்ராறியோக் கல்லூரிகளில் இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பத்துக்கான உயர்நிலை டிப்ளோமா 3 ஆண்டுகள், அதாவது 6 கல்விப் பருவங்கள் கொண்டது. கோ-ஒப் பிரிவில் சேர்பவருக்கு அவற்றுக்கிடையே பொதுவாக நான்கு மாதங்கள் வீதம் வேலைப் பருவங்கள் வருகின்றன. அவற்றுக்குச் சம்பளம் உண்டு. வேலை முடிந்ததும் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு மாணவன் மறுபடியும் வகுப்புக்குத் திரும்புகிறான்.

இந்தத் திரும்பி வருதலின் பெறுமதியை ஓர் உதாரணத்தால் காட்டலாம். நமது தோட்டங்களில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரமொன்றின் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து, அதில் 25 மில்லிமீற்றர் துளையுள்ள 6205 இலக்கப் பெயாரிங்கை ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இறுக்கமாக அமர வேண்டுமானால் தண்டின் விட்டம் 25.002 க்கும் 25.015 க்கும் இடையில் இருக்க வேண்டும். நான் பயிற்சிக்குச் சென்ற தொழிற்சாலையில், கடைந்த சூடு ஆறுமுன்னரே நுண்மானித் திருகுக் கணிச்சியை வைத்துப் பார்த்து, 25.010 என்று கண்டதும் சரியென்று எடுத்து வைத்தேன். மறுநாள் காலை பெயாரிங் எவ்விதத் தடையுமின்றி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. உருக்கு ஒரு பாகை வெப்பத்துக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 12 மைக்றோன் (ஒரு மைக்றோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரியும். தண்டு 40 பாகை ஆறியபோது விட்டத்தில் 0.012 மில்லிமீற்றர் குறைந்து, 24.998 ஆகிவிட்டிருந்தது. விரிவுக் குணகத்தை உயர்தர வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருந்த எனக்கு, அது அந்தத் தண்டுக்குள் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஆனால் அது எனது படிப்பின் கடைசிக் கட்டம். அந்தக் கேள்வியோடு உற்பத்தித் தொழில்நுட்ப விரிவுரையில் போய் அமர எனக்கு வகுப்பு மீதமிருக்கவில்லை. முதலாம் ஆண்டு முடிவிலேயே வேலைத்தளத்தைக் காணும் கோ-ஒப் மாணவனுக்கு அந்த வாய்ப்பு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கிடைக்கிறது.

மொறட்டுவையின் டிப்ளோமாவில் இரண்டு ஆண்டுகள் வகுப்பு, பின்னர் ஓராண்டு தொழிற்பயிற்சி என்ற ஒழுங்கு இருக்கிறது. கணிதப் பிரிவு உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு தெரிவு நடைபெறுகிறது. நிறுவகம் ஹோமாகமவுக்கு அருகே தியகமவில் உள்ளது. பயிற்சி முழுவதும் இறுதியில் வருவது நான் மேலே சொன்ன குறை. ஆயினும் ஓராண்டு தொடர்ச்சியாக ஒரு தொழிற்சாலையில் நிற்பவன், நான்கு மாதங்களில் விடைபெறும் மாணவன் காணாதவற்றையும் காண்கிறான்: ஓர் இயந்திரம் பழுதடைவதையும், உதிரிப்பாகத்துக்குக் காத்திருப்பதையும், அதே இயந்திரம் மறுபடி பழுதடைவதையும் அவன் பார்த்துவிடுகிறான். பராமரிப்புத் துறைக்குப் போக நினைப்பவருக்கு இந்த நீண்ட ஆண்டே நல்லது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தைப் பலர் ‘பெறுபேறு குறைந்த பிள்ளைகளுக்கானது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அங்கே கை முதலில் பழகுகிறது, கணக்கு பின்னால் வருகிறது. தேசிய தொழிற்தகைமை மட்டம் 5, 6 (டிப்ளோமா நிலை) வரை சென்றவருக்கு, 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இரத்மலானை யுனிவொடெக் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கான வழியும் திறந்திருக்கிறது.

வேலையைத் தேடும் பொறுப்பு யாருடையது என்ற இரண்டாவது கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோ-ஒப் என்றால் கல்லூரியே வேலையைக் கையில் தந்துவிடும் என்று இங்குள்ள பெற்றோர் நம்புகிறார்கள். கல்லூரியின் கோ-ஒப் அலுவலகம் வெற்றிடங்களைக் காட்டும், சுயவிபரக்கோவை எழுதப் பழக்கும். விண்ணப்பிப்பதும் நேர்முகத்தில் வெல்வதும் மாணவனின் வேலை. புள்ளி குறைந்தால் கோ-ஒப் பிரிவில் தொடர முடியாமலும் போகலாம். ஒன்ராறியோவில் படிக்கும் என் மருமகன் முதல் வேலைப் பருவத்துக்கு முன் பனிக்காலம் முழுவதும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். “மாமா, கல்லூரி வழியைத்தான் காட்டும், வேலையை நாங்கள்தான் பிடிக்க வேணும்” என்று அப்போது தொலைபேசியில் சொன்னான். இங்கே பயிற்சி இடத்தை ஒழுங்குசெய்ய நிறுவனமும், நைற்றா எனப்படும் தேசிய பயிலுனர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் துணை நிற்கின்றன. ஆனால் அந்த இடம் பெரும்பாலும் வடக்குக்கு வெளியேதான் அமையும். 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றுபோன பின்னர், அந்த அளவில் இயந்திரப் பயிற்சி தரக்கூடிய ஆலை எங்கள் குடாநாட்டில் எழவேயில்லை.

பணத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அரச டிப்ளோமாவுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. கனடாவோ, முதலாண்டுக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் மேலாக மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 2024 ஜனவரியில் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக்கியது. அதன் பின்னரும் உயர்த்தியிருக்கிறது. 2024 நவம்பரிலிருந்து படிப்புக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலங்கள் வரைதான் வேலை செய்யலாம். கோ-ஒப் சம்பளத்தால் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத் தோட்டக் காணியை ஈடு வைக்கும் குடும்பங்களை நான் தடுத்தே வருகிறேன், ஏனெனில் முதல் வேலைப் பருவம் கிடைக்காத மாணவனுக்கு அந்தக் கணக்கு அன்றே உடைந்துவிடும்.

ஆகவே, கடன்படாமல் அனுப்பக்கூடிய வீடும், ஆங்கிலத்தில் நேர்முகத்துக்கு முகங்கொடுக்கும் துணிவும், வடிவமைப்பில் விருப்பமும் உள்ள பிள்ளைக்கு ஒன்ராறியோக் கோ-ஒப் சிறந்தது. மொறட்டுவை டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்தவர் அதை விட்டுவிட்டு விசா முகவரின் படியேறுவதை நான் ஏற்கமாட்டேன். பள்ளிக் காலத்திலேயே அப்பாவின் பட்டறையில் கைகறுக்க நின்ற பிள்ளை கிளிநொச்சிக்குப் போகட்டும்.

எனக்கு ஓர் ஆசையும் உண்டு. இங்குள்ள டிப்ளோமாக்களின் கடைசிப் பயிற்சிக் காலத்தை இரண்டாகப் பிரித்து, முதற் பாதியை முதலாம் ஆண்டு முடிவிலேயே வைக்கலாம். வந்த சில மாதங்களில் பயிலுனர் திரும்பிப் போனால் தமக்குப் பயனில்லை என்று தொழிற்சாலைகள் சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பளையில் சுழலும் காற்றாலைகளும், நமது அரிசி ஆலைகளும், ஐஸ் தொழிற்சாலைகளும், பேருந்துச் சாலைகளின் திருத்தகங்களும் அந்த முதற் பாதிக்குப் போதும். சூடு ஆறாத தண்டை அளந்து பிழைவிடும் பிள்ளை, அந்தப் பிழையோடு அடுத்த மாதமே வகுப்பில் வந்து அமர்ந்துவிடலாம்.