ஸ்கேன் உடனே எடுத்தார்கள், கேள்விதான் கேட்கவில்லை

கும்பகோணம் வந்து இறங்கிய மூன்றாம் நாள் விடியற்காலையில் அப்பா கொல்லையில் வழுக்கி விழுந்தார். பின்மண்டை துவைக்கிற கல்லில் இடித்துவிட்டது. ரத்தம் இல்லை, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ஆனால் எப்படி விழுந்தார் என்பதே அவருக்கு நினைவில்லை. வயது 74. இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க தினமும் அசிட்ரோம் சாப்பிடுகிறவர்.

ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் வீக்கத்தைப் பார்த்தார், "சி.டி. பிரெய்ன் எடுத்துடலாம்" என்று சீட்டு எழுதினார். பணம் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் ஸ்கேன் அறைக்குள் விடுவார்கள். என் கனடா கார்டை மெஷின் எடுக்கவில்லை. சித்தப்பா மகன் ஜிபேயில் கட்டினான். அந்தப் பத்து நிமிடமும் அப்பா ஸ்ட்ரெச்சரில் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் படம் எடுத்துவிட்டார்கள். ஸ்கேன் எடுத்த தம்பி, அப்பாவின் பல்செட்டைக் கழற்றி என் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "தலையை மட்டும் ஆட்டாம படுத்திருங்க ஐயா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். அந்தக் குரலை மறக்க மாட்டேன். டொராண்டோவில் போன குளிர்காலம் என் மகன் பனியில் விழுந்தபோது எமர்ஜென்சியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ரிப்போர்ட்டில் ரத்தக்கசிவு இல்லை. "நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். டைக்ளோஃபெனாக். அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு அது ஆகாது, எங்காவது கசிய ஆரம்பித்தால் நிற்காது. "அப்பா அசிட்ரோம் சாப்பிடறார் சார்" என்றேன். அவர் பேனா அப்படியே நின்றது. அதுவரை அங்கே ஒருவர்கூட என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. வாந்தி வந்ததா என்றும் கேட்கவில்லை.

ஸ்கேன் எடுத்ததில் எனக்குக் குறையே இல்லை. தலையில் அடிபட்டவர்களில் யாருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கனடாவின் ஆட்டவா மருத்துவர்கள் 2001-இல் வெளியிட்ட விதியான கனடியன் சி.டி. ஹெட் ரூலின்படியே, அடிபட்ட நேரம் நினைவில்லாதவர் 65 வயதைத் தொட்டவராக இருந்தால் எடுக்க வேண்டும். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாலும் எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களை அந்த விதியில் சேர்க்கவே இல்லை, அதை வைத்து ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாத அளவுக்கு அவர்களுக்கு ஆபத்து அதிகம். முதல் படம் சுத்தமாக இருந்தாலும் பிறகு கசியலாம். என் மகனுக்கோ அத்தனையும் கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்குக் கதிர்வீச்சு வேண்டாம் என்று ஸ்கேன் எடுக்காமலே அனுப்பினார்கள். எப்போது திரும்ப வர வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்தும் கொடுத்தார்கள்.

எனக்கு எட்டு வயதில் மாமரத்திலிருந்து விழுந்தேன். எங்கள் தெரு டாக்டரிடம் ஸ்கேனும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணில் டார்ச் அடித்தார். "வாந்தி எடுத்தானா? பேரு கேட்டா சொல்றானா? ராத்திரி எழுப்பி எழுப்பிப் பாருங்க" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். ஆட்டவாவில் எழுதி வைத்ததில் பாதியை அவர் அன்றே கேட்டுவிட்டார்!

சரி, அந்த இளம் டாக்டரையும் சொல்ல வேண்டும். கோபப்படவில்லை. டைக்ளோஃபெனாக்கை அடித்துவிட்டுப் பாராசிட்டமால் எழுதினார், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார், ஒரு நாள் படுக்கையில் வைத்துப் பார்க்கலாம் என்றார். அன்று இரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவை எழுப்பிப் பேர் கேட்டேன். நான்காவது முறை, "உன் பேரும் சொல்லணுமாடா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.