ஏசிக்குள் எந்த கேஸ்?

ஏசி வாங்கப் போனால் எத்தனை டன், எத்தனை ஸ்டார் என்று கேட்கிறோம். உள்ளே குளிர்விக்கும் கேஸ் எது என்பதையும் கேளுங்கள். வெளி யூனிட்டின் லேபிளிலேயே இருக்கும்.

ஆர்-22 மெக்கானிக்குகளின் கைக்குப் பழகிய கேஸ். ஆனால் அதிலுள்ள குளோரின் ஓசோனை அரிக்கிறது. 1987-ல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, வளரும் நாடுகள் இந்த வகை வாயுக்களை 2025-ல் 67.5 சதவீதம் குறைக்க வேண்டும். 2030-க்குப் பிறகு பழுதுபார்க்க மட்டும் கொஞ்சம் மிஞ்சும். புதிதாக இதை வாங்கவே கூடாது.

அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ-வில் குளோரின் இல்லை. ஓசோன் தப்பித்தது, ஆனால் பூமி சூடாவது குறையவில்லை. ஒரு கிலோ ஆர்-22 கசிந்தால் 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்றால், இது 2,088 கிலோ! அதனால்தான் 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் ஒப்பந்தத்தைத் திருத்தி, இந்த வகையையும் குறைப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

சரி, இன்றைய உண்மையான போட்டி ஆர்-32-க்கும் ஆர்-290-க்கும்தான். ஆர்-32-இன் கணக்கு 675. ஆர்-410ஏ-வின் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான், ஆனாலும் கிகாலி பட்டியலில் இதுவும் உண்டு. இந்தியா அந்தப் பட்டியலிலுள்ள வாயுக்களை 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆர்-290 என்பது புரொப்பேன். நம் அடுப்பு சிலிண்டரிலும் இருப்பதுதான். சூடாக்கும் கணக்கு ஒற்றை இலக்கம், நிரப்பும் அளவும் ஏறக்குறைய பாதி போதும். பயம் தீயைப் பற்றியது, அது நியாயமான பயம். சமையல் கேஸில் வாசனை சேர்ப்பதால் கசிவு தெரிந்துவிடும். ஏசி புரொப்பேனில் வாசனை கிடையாது. ஆர்-32-உம் தீப்பிடிக்கும், ஆனால் மெதுவாக.

என் தேர்வு: சின்ன அறை, பயிற்சி பெற்ற ஆளை அனுப்பும் சர்வீஸ் இரண்டும் இருந்தால் புரொப்பேன். பெரிய கூடத்துக்கு ஆர்-32. பழைய ஆர்-22 மெஷினில் புரொப்பேன் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடவே விடாதீர்கள். அதன் சுவிட்சும் வயரும் தீப்பிடிக்கும் கேஸுக்காகச் செய்ததல்ல.

எது வாங்கினாலும், வீடு மாறும்போது மெக்கானிக் ஏசியைக் கழற்றுகையில் பக்கத்தில் நில்லுங்கள். நட்டைத் தளர்த்தியதும் 'ஸ்ஸ்' என்று நீண்ட சத்தம் வந்தால் மொத்த கேஸும் காற்றில் போகிறது. ஏசி ஓடும்போதே மெல்லிய குழாயின் வால்வை மூடி, கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து, அப்புறம் தடித்த குழாயை மூட வேண்டும். சில நிமிட வேலைதான். 'பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழற்றுங்க தம்பி' என்றால் அவருக்குப் புரியும்.