ஈறில் ஒட்டும் சைலிட்டால் வில்லை: இரவு நேர வாய் வறட்சிக்கு எந்த அளவு உதவுகிறது?

வாய் வறட்சிக்கென விற்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை விழித்திருப்பவர்களுக்கே பயன்படுகின்றன. மெல்லும் கோந்து, சப்பும் மிட்டாய், கொப்பளிக்கும் திரவம் ஆகிய எதையும் தூங்கும்போது பயன்படுத்த இயலாது. நடு இரவில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு, எச்சில் கூட்டி விழுங்கவும் முடியாமல் எழுந்து உட்காருபவர்களுக்குத் தேவைப்படுவது, அவர்கள் கண்ணயர்ந்த பிறகும் வாயில் தங்கி வேலை செய்யும் ஒன்று. அந்த நோக்கத்துக்காகவே செய்யப்பட்டிருப்பது, சர்க்கரைக்கு மாற்றான சைலிட்டால் என்னும் இனிப்புப் பொருளால் ஆன, ஈறில் ஒட்டிவைத்துக்கொள்ளும் வில்லை. இரவில் எடுத்துக்கொள்ளும் மருந்து ஒன்றினால் எனக்கு இந்த வறட்சி உண்டு. ஆகையால் வில்லையையும், இதற்கென விற்கப்படும் ஜெல்லையும் தெளிப்பானையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்து, என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

பொருளை எடைபோடுவதற்கு முன், இரவில் வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். நலமாக உள்ள ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. தூங்கும்போது அந்தச் சுரப்பு ஏறக்குறைய நின்றே போகிறது. அதாவது இரவில் வாய் ஓரளவு உலர்வது எல்லோருக்கும் இயல்புதான். இதன் மேல் ஒவ்வாமை, மன அழுத்தம், சிறுநீர்ப்பை தொடர்பான மருந்துகளில் ஏதேனும் ஒன்று சுரப்பை மேலும் குறைத்தாலோ, மூக்கடைப்பினால் வாய்வழியாக மூச்சு விட்டு மிச்சமிருக்கும் ஈரமும் ஆவியானாலோதான் தூக்கம் கலையும் அளவுக்குத் தொல்லை முற்றுகிறது. உமிழ்நீர் வெறும் தண்ணீரும் அன்று. அதிலுள்ள மியூசின் என்னும் வழவழப்பான புரதம் நாக்கையும் கன்னத்தையும் மெல்லிய படலமாக மூடிக் காக்கிறது. பைகார்பனேட்டு அமிலத்தைத் தணிக்கிறது. படுக்கையருகே வைத்திருக்கும் தண்ணீர் ஒரு வாய் குடித்ததும் இதமாக இருந்துவிட்டுச் சிறிது நேரத்திலேயே பழையபடி உலர்ந்துபோவதற்குக் காரணம், அதில் இந்தப் படலத்தை உண்டாக்கும் எதுவும் இல்லாததே. மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருந்தால், வறட்சியால் கலையும் தூக்கம் சிறுநீர் கழிப்பதற்காகக் கலையும், அவ்வளவுதான். ஆகவே இரவுக்கான பொருளை, எவ்வளவு நனைக்கிறது என்பதைக் காட்டிலும் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வில்லை சிறிய மாத்திரை அளவில், ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் சற்றுப் புடைத்தும் இருக்கும். தட்டைப் பக்கத்தில் தாவரக் கோந்து வகையைச் சேர்ந்த ஒட்டுப்பொருள் உண்டு. எஞ்சியதில் பெரும்பகுதி சைலிட்டால். படுக்கப்போகும் முன் பல் துலக்கிவிட்டு, ஈரமில்லாத விரலால் எடுத்து, மேல் கடைவாய்ப்பல்லுக்கு வெளிப்புறம், கன்னத்தைத் தொடும் ஈறின் மேல் வைத்துச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஈரக் கையால் எடுத்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். முதல் சில நிமிடங்கள் ஓரம் சற்றுக் கரடாக உறுத்தும்; நாக்கு தன்னையறியாமல் அதைத் தேடிப் போகும். அந்த நேரத்தில் நாக்கை அடக்கி வைப்பது அவசியம், ஏனெனில் ஒட்டுப்பொருள் ஊறி இறுகுவதற்குள் தள்ளிவிட்டால் பிறகு அது சரியாகப் பிடிப்பதில்லை. ஊறியபின் உறுத்தல் மறைந்து, அந்த இடம் முழுவதும் வழுவழுப்பாகிவிடும். இனிப்பும் திகட்டாத அளவில் மெல்ல இறங்கும். கீழ் ஈறிலும் வைத்துப் பார்த்தேன். அங்கே அது எளிதில் நழுவுகிறது என்பதால் மேல் ஈறையே பரிந்துரைக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மறுகன்னம் உலர்ந்தே இருக்கும். இரு பக்கத்துக்கும் ஒவ்வொன்றாக வைப்பதுதான் சரி.

இதன் பலன் ஒரே சீராக இல்லை. வாயை மூடித் தூங்கிய இரவுகளில், விடியும் நேரத்திலும் கன்னத்தின் உட்புறத்தில் மெல்லிய வழுவழுப்பு எஞ்சியிருந்தது. தண்ணீர்க் குவளையைத் தேட வேண்டியிருக்கவில்லை. மூக்கு அடைத்துக்கொண்டு வாய் திறந்திருந்த இரவுகளில் கன்னங்கள் நன்றாக இருந்தும், நாக்கின் நுனியும் முன் அண்ணமும் உதடுகளும் காய்ந்துபோயின. வில்லையின் ஈரம் அது இருக்கும் இடத்தைச் சுற்றியே நிற்கிறது. காற்று நேராக வந்து மோதும் இடங்களை அது எட்டுவதில்லை. இது வில்லைக்கே உரிய வரம்பு, எந்தத் தயாரிப்பை வாங்கினாலும் இருக்கும் என்று நினைக்கிறேன். மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வாய் ஏற்கெனவே முற்றிலும் உலர்ந்திருந்தால் வில்லை கரையத் தொடங்குவதற்கே ஈரம் போதாது. அப்போது அதை ஒட்டிய பிறகு ஒரு மடக்குத் தண்ணீரை அந்தப் பக்கமாகச் சற்று நேரம் வைத்திருந்து விழுங்கினால் போதும்.

வில்லை எட்டாத இடங்களை ஜெல் எட்டுகிறது. கிளிசரின் சேர்ந்த இந்த ஜெல்லைச் சிறிதளவு விரலில் எடுத்து நாக்கின் மேலும் அண்ணத்திலும் மெல்லப் பரப்பினால் உடனே இதம் தெரியும். ஆனால் அதிகம் தடவினால் வாயில் ஏதோ அப்பிக்கொண்டிருப்பது போன்ற கனம் வந்துவிடுகிறது. பலனும் வில்லை அளவுக்கு நீடிப்பதில்லை. தனியாக ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வில்லையைத்தான் தேர்ந்தெடுப்பேன். இரண்டையும் சேர்த்து, கன்னங்களுக்கு வில்லையும் அண்ணத்துக்கு மெல்லிய பூச்சாக ஜெல்லும் என்று வைத்துக்கொண்டபோது கிடைத்த தூக்கம், இரண்டில் எதுவும் தனியாகத் தந்ததைவிட நன்றாக இருந்தது. தெளிப்பானைப் பொறுத்தவரை, இடையில் விழித்துக்கொண்டவர் விளக்கைப் போடாமலே பயன்படுத்தலாம் என்பதைத் தவிர இரவுக்கு அதில் பெரிய நன்மை இல்லை.

பல்லைப் பற்றிய அக்கறை இந்தப் பொருள்களை வாங்கும்போது பலருக்கும் எழுவதில்லை, எழ வேண்டும். அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு பிஹெச்; வாயில் அது ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் பற்சிப்பி கரையத் தொடங்குகிறது. ஈறு இறங்கி வெளியே தெரியும் பல்வேர் அதற்கு முன்பே பாதிக்கப்படுகிறது. பகலில் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்துவிடும், இரவில் தணிக்க ஆளில்லை. எச்சில் ஊற வேண்டும் என்பதற்காகப் புளிப்பு மிட்டாயையோ, சர்க்கரை சேர்ந்த இருமல் வில்லையையோ வாயில் அடக்கிக்கொண்டு தூங்குவது பல்லுக்குச் செய்யும் பெருங்கேடு. சிட்ரிக் அமிலம் சேர்ந்த தெளிப்பான்களும் விற்பனையில் உள்ளன. சொந்தப் பற்கள் உள்ளவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. சைலிட்டால் இதில் வேறுபடுகிறது. சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்ணுயிரியால் அதை நொதிக்கவைத்து அமிலமாக்க முடியாது. இரவு முழுவதும் ஓர் இனிப்புப் பொருளைப் பல்லருகே துணிந்து வைக்கலாம் என்றால் அதற்கு இதுவே காரணம். அதற்காக ஃபுளூரைடு பற்பசையால் துலக்குவதை விட்டுவிடலாகாது. கொப்பளிக்கும் திரவத்தில் ஆல்கஹால் உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும், அது வறட்சியைக் கூட்டக்கூடும்.

சான்று என்ன சொல்கிறது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். வாய் வறட்சிக்கு வாயில் நேரடியாக இடும் பொருள்களைப் பற்றிய 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, அவற்றுள் எதுவும் உறுதியாகப் பலன் தரும் என்று கூறுவதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றே முடிவு கூறியது. ஆகவே அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கை அப்படியே நம்பி வாங்க வேண்டாம். சிறிய பெட்டியாக வாங்கி, உங்கள் வாய்க்கு ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகு பெரியதை வாங்குங்கள்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும், சிறு குழந்தைகளுக்கும் இரவில் வில்லையை வைத்துவிடக் கூடாது. கழன்றால் புரையேறும் அபாயம் உண்டு. சைலிட்டால் அதிகமாகச் சேர்ந்தால் வயிறு உப்பும், கழிச்சலும் ஆகலாம். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் இந்தப் பெட்டியை மிகுந்த கவனத்துடன் வைக்க வேண்டும். மனிதருக்குத் தீங்கற்ற சைலிட்டால், நாய்க்கு இரத்தச் சர்க்கரையைத் திடீரென வீழ்த்தி உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. மூச்சுத்திணறலுக்காக முகமூடிக் கருவியுடன் தூங்குபவர்கள் வில்லை வாங்குவதற்கு முன், கருவியிலுள்ள ஈரப்பதமூட்டி சரியாக இயங்குகிறதா, முகமூடியில் காற்று கசிகிறதா என்று பார்க்கட்டும். பல நேரங்களில் தீர்வு அங்கேயே இருக்கும். கண்ணும் சேர்ந்து உலர்ந்து உறுத்துபவர்கள், அடிக்கடி தாகமும் சிறுநீரும் உள்ளவர்கள், தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவரிடம் போவதே முறை. உமிழ்நீரைச் சுரக்கவைக்கும் பைலோகார்பின் போன்ற மருந்துகள் அவர் எழுதித்தர வேண்டியவை. மருந்தினால் வறட்சி வருவதாகத் தோன்றினால் தாமாக நிறுத்திவிடாமல், வேளையையோ அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று அவரிடமே கேட்க வேண்டும்.

வில்லையை நான் தொடர்ந்து வாங்குவேன். ஆனால் தயாரிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை உண்டு. ஒவ்வொரு வில்லையிலும் எத்தனை மில்லிகிராம் சைலிட்டால் இருக்கிறது என்பதும், கரையும்போது அதன் பிஹெச் அளவு என்ன என்பதும் உறையின் மேல் எளிதில் படிக்கும்படி அச்சிடப்பட வேண்டும். புதினாச் சுவைக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியைக் கொடுத்தாலே இந்த இரண்டு எண்களும் தாராளமாக அடங்கும்.