4,200 டாலர் போன விதம்: பழைய ட்யூப் ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஆத்திரத்தில் இன்னும் கை நடுங்குகிறது. பதினோரு நாளுக்கு முன்னால் 4,200 கனடா டாலர் கொடுத்து ஒரு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப் (கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, உள்ளே பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு, அதாவது ட்யூப்) வாங்கினேன். 1965-இல் செய்தது என்று சொல்லி விற்றார்கள். அது 1965 இல்லை என்பது நேற்று ராத்திரிதான் தெரிந்தது. தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். டொராண்டோ ஸ்கார்பரோவில் எனக்குத் தெரிந்த இசைக்குழுக்களிலேயே மூன்று நான்கு பேர் இதே மாதிரி பழைய ஆம்ப் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

4,200 டாலர் எனக்குச் சின்னத் தொகை கிடையாது. சனி ஞாயிறுகளில் கல்யாண வரவேற்பு, பிறந்தநாள், மெல்லிசை மேடை என்று கிடார் வாசித்து இரண்டு வருடம் சேர்த்த பணம். ஒரு மேடைக்கு 150 டாலர் கிடைத்தால் நல்ல நாள். பனியில் கிடாரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வாசித்த காசு அது.

ஏன் 65 என்று கேட்பீர்கள். 1967 வரை வந்த டீலக்ஸ் ரிவெர்ப்புக்கு முன்பக்கத் தகடு கறுப்பு. அதற்கப்புறம் வந்தவற்றுக்கு வெள்ளி நிறம். இரண்டிலும் ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், இரண்டு 6வி6 பவர் ட்யூப், 22 வாட். ஆனால் கறுப்புத் தகடு இருந்தால் விலையே வேறு. வெள்ளித் தகடும் நல்ல ஆம்ப்தான், நான் குறைசொல்ல மாட்டேன். அதை வெள்ளித் தகட்டின் விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான். கறுப்புத் தகடு இப்போது புதிதாகவே விலைக்குக் கிடைக்கிறது. பழைய ஆம்பைப் புதுப்பிக்கிறவர்களுக்காகச் செய்கிறார்கள். குமிழ்களைக் கழற்றி அதை மாட்டிவிட ஒரு சாயங்காலம் போதும்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பழைய கிடார், ஆம்ப் வாங்கி விற்கிற சின்னக் கடை, நகரத்துக்கு மேற்கே ஒரு மணி நேர ஓட்டம். உரிமையாளர் அறுபது வயதுக்கு மேற்பட்ட மனிதர். நான் போனதும் நாற்காலி போட்டார், காபி கொடுத்தார், என் கிடாரை வாங்கித் தானே சுருதி சேர்த்துக் கொடுத்தார். அரை மணி நேரம் வாசிக்க விட்டார். பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

அப்புறம் ஆம்பைத் திருப்பிவைத்து, பின்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். டிரான்ஸ்ஃபார்மரின் மேல் ஒரு எண் குத்தியிருந்தது: 606-518. "606 என்றால் ஷூமாக்கர் கம்பெனி, 5 என்றால் அறுபத்தைந்து, 18 என்றால் பதினெட்டாவது வாரம்" என்றார். நானும் இதைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். எனக்குத் தெரிந்ததும் அவர் சொன்னதும் அப்படியே பொருந்தின. எந்த ட்யூப் எந்த இடத்தில் என்று சொல்லும், உள்பக்கம் ஒட்டியிருந்த ட்யூப் அட்டவணைக் காகிதத்தையும் காட்டினார். அதில் ஓ, எஃப் என்று இரண்டு எழுத்து முத்திரை. முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். 1951-க்கு ஏ என்று தொடங்கி எண்ணினால் ஓ என்பது 1965, எஃப் என்பது ஜூன். மே மாதத்து டிரான்ஸ்ஃபார்மர், ஜூன் மாதத்து ஆம்ப். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஆனாலும் கேட்டேன். சேசிஸை, அதாவது ட்யூபும் கம்பிகளும் பூட்டிய உலோகச் சட்டத்தை, இறக்கி உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். மேலே நாலு திருகு, அவ்வளவுதான் வேலை. அவர் என் தோளில் கை வைத்தார். "அறுபது வருடமாக அசையாத கம்பிகளை ஏன் அசைக்க வேண்டும்? என் வார்த்தை போதாதா?" என்றார். அப்பா வயது மனிதர். போதும் என்றேன். அந்த இடத்தில்தான் 4,200 டாலர் போனது.

கிரெடிட் கார்டு நீட்டினேன். இ-டிரான்ஸ்ஃபர் (வங்கியிலிருந்து நேரே பணம் அனுப்புவது) செய்தால் 200 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்றார். 4,400 என்று விளம்பரம் செய்திருந்தது 4,200 ஆனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரசீதைக் கையால் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்துதான் அதைச் சரியாகப் படித்தேன். "பழைய ஃபெண்டர் ஆம்ப், உள்ளது உள்ளபடி" என்று இருந்தது. 1965 என்ற எண் ரசீதில் எங்கேயும் இல்லை. டீலக்ஸ் ரிவெர்ப் என்றுகூட இல்லை.

இரண்டு நாள் நன்றாகத்தான் ஒலித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் இருபது நிமிடம் வாசித்திருப்பேன், சத்தம் மெல்ல உள்வாங்கியது. தூசி கருகுகிற வாசனை. பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு 6வி6 ட்யூபுக்குள் இருக்கும் தகடு, எப்போதும் சாம்பல் கறுப்பாக இருப்பது, நடுவில் செங்கல் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. கண்ணாடிக்குள் ஒரு துண்டு நெருப்பு. ட்யூபுக்குள் இழை மஞ்சளாக எரிவது சரி. தகடு சிவக்கவே கூடாது. உடனே அணைத்தேன்.

மறுநாள் கடைக்குப் போன் செய்தேன். "ட்யூப் என்பது பல்பு மாதிரி, போய்விடும், மாற்று" என்று சொல்லி வைத்துவிட்டார். 70 டாலருக்குப் புது ஜோடி வாங்கி மாட்டினேன். அதே சிவப்பு. சனிக்கிழமை நேரிலேயே போனேன். கல்லாவில் ஒரு இளைஞன், உரிமையாளர் ஊரில் இல்லை என்றான். எப்போது வருவார்? தெரியாது. அவர் கார் வாசலில் நிற்கிறது. நான் வாங்கிய அன்றும் அதே கார்தான் நின்றது. இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர.

நேற்று எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர், தனக்குத் தெரிந்த ஒரு அண்ணனிடம் அழைத்துப் போனார். யாழ்ப்பாணத்தில் வால்வு ரேடியோ பழுது பார்த்தவர், இங்கே வந்து முப்பது வருடமாக ஆம்ப் பார்க்கிறார். வீட்டு பேஸ்மென்ட்தான் பட்டறை. முதலில் கெப்பாசிட்டர்களில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கினார். பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாலும் உள்ளே நானூறு வோல்ட் வரை நிற்கலாம், தெரியாதவன் கை வைத்தால் உயிர் போகும் என்றார். அப்புறம் அந்த நாலு திருகைக் கழற்றினார். சேசிஸை மேசையில் கவிழ்த்துவைத்து ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார்.

"தம்பி, இஞ்ச பாரும்" என்றார். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் துணியால் துடைத்து லென்ஸைக் கையில் கொடுத்தார். சின்னச் சின்ன எண்கள்: 137-7514. 137 என்றால் சிடிஎஸ் கம்பெனி. அடுத்த இரண்டு எண் வருடம், கடைசி இரண்டு வாரம். டிரான்ஸ்ஃபார்மரில் வருடத்துக்கு ஒரே ஒரு இலக்கம்தான். அந்த 5, அறுபத்தைந்தாகவும் இருக்கலாம், எழுபத்தைந்தாகவும் இருக்கலாம். இங்கே இரண்டு இலக்கம். "அறுபத்தஞ்சு இல்ல ராசா. எழுபத்தஞ்சு."

ஒரு கன்ட்ரோல் மட்டும் பின்னால் மாற்றியதாக இருக்கக் கூடாதா என்று கேட்டேன். எல்லாவற்றையும் துடைத்துக் காட்டினார். எல்லாமே 75. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அறுபத்தைந்தில் கம்பிகளுக்குத் துணி உறை இருக்கும். இதில் முழுக்க பிளாஸ்டிக் உறை. அந்தக் காலத்து நீலக் கெப்பாசிட்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் எழுபதுகளின் பழுப்பு நிற, சொட்டு வடிவக் கெப்பாசிட்டர்கள். ட்யூப் அட்டவணைக் காகிதத்தை விரலால் தடவிச் சொன்னார், சூடான ட்யூபுக்குப் பக்கத்திலேயே அறுபது வருடம் இருந்த காகிதம் இவ்வளவு வெள்ளையாக இருக்குமா என்று. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் (கடையில் எண் காட்டியது வேறொன்று) எண்ணே இல்லாத ஏதோ ஒன்று, ஈயப் பற்றுகூடப் பளபளவென்று புதிது. ட்யூப் சிவந்ததற்குக் காரணம் பயாஸ் பகுதியில், அதாவது ட்யூபில் ஓடும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில், காய்ந்துபோன ஒரு சின்னக் கெப்பாசிட்டர். அதை மாற்றச் சில டாலர்தான் ஆகும். அதைக்கூட மாற்றாமல் முன்பக்கத் தகட்டை மட்டும் மாற்றி விற்றிருக்கிறார்கள்!

கலைக்காமல் வைத்திருந்தால் எழுபத்தைந்து வெள்ளித் தகட்டுக்கு இதில் ஏறக்குறைய பாதி விலை கிடைக்கும், அசல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனதால் அதுவும் குறையும் என்றார் அண்ணன். நான் கொடுத்தது 4,200.

இன்று காலை உரிமையாளரே போனை எடுத்தார். நான் எண்களைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் ஒரே கேள்வி: "யார் திறந்தது?" சொன்னேன். "எங்கள் ஆள் அல்லாத ஒருவர் திறந்தால் எங்கள் பொறுப்பு முடிந்தது. மேலும் ரசீதில் உள்ளது உள்ளபடி என்று இருக்கிறது" என்றார். நீங்கள்தானே ஐயா 65 என்று டார்ச் அடித்துக் காட்டினீர்கள் என்றேன். "எண்ணைத்தான் காட்டினேன், நீங்கள்தான் அப்படிப் புரிந்துகொண்டீர்கள்" என்றார். காபி கொடுத்த அதே குரல். மதியம் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டதற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த விளம்பரத்தை வாங்குவதற்கு முந்தின நாளே டிரம்ஸ் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தேன். 1965 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விவரம் சொல்லி விற்றால் ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அதற்கான கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பணம் வரவில்லை என்றால் சிறு வழக்கு நீதிமன்றம் போவேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அந்த நிதானம் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுக்கும் முன் சேசிஸை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். நீங்களே கழற்றாதீர்கள், உள்ளே மின்சாரம் நிற்கும். தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவருக்கு நூறு டாலர் கொடுத்தாலும் பரவாயில்லை. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், கன்ட்ரோல்களின் முதுகில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, பவர் ட்யூபின் தகட்டைப் பாருங்கள். ரசீதில் மாடலும் வருடமும் எழுதாமல் வாங்காதீர்கள். கார்டில் கட்டுங்கள், 200 டாலர் தள்ளுபடிக்கு ஆசைப்படாதீர்கள். விளம்பரத்தை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. நேற்று ராத்திரி அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் இன்னொரு கறுப்புத் தகடு ஆம்ப் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதுவும் 65 என்றுதான் போட்டிருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் படம் பெரிதாக இருக்கிறது, உள்பக்கப் படம் ஒன்றுகூட இல்லை. டொராண்டோவுக்கு மேற்கே யாராவது அதைப் பார்க்கக் கிளம்பினால், போவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள். கடையின் பெயரைத் தனியாகச் சொல்கிறேன்.