லிஸ்டில் ஒரு பெயரா, மாதம் ஒரு ஆர்டரா? மாற்று சப்ளையர் பற்றி

எங்கள் பம்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்களுக்கு மாற்று சப்ளையர் ஏற்பாடு செய்யும் வேலை என்னிடம் வந்தபோது மூன்று வழிகள் இருந்தன. ஒரே ஆளிடம் வாங்கி ஸ்டாக்கைக் கூட்டி வைப்பது. இன்னொருவரின் சாம்பிளை பாஸ் செய்து லிஸ்டில் போட்டு வைப்பது. ஆர்டரை எப்போதுமே 80க்கு 20 என்று பிரிப்பது. இப்போது மூன்றாவது வழியில் போகிறோம்.

ஸ்டாக், இரண்டு வாரத் தாமதத்தைத் தாங்கும். ஆனால் ரப்பர் கிடங்கிலேயே மூப்படையும், டிசைன் மாறினால் மொத்தமும் கழிவு.

லிஸ்ட் வழியில் மூன்று வருடம் இருந்தோம். முழு ஆர்டரும் ஒருவருக்கே என்பதால் விலை நன்றாகக் கிடைத்தது. அப்புறம் அவருடைய பாய்லர் பழுதாகி 11 நாள் உற்பத்தி நின்றது. மாற்று ஆளுக்கு ஃபோன் போட்டால், எங்கள் டை, அதாவது சீலை வார்க்கும் அச்சு, ரேக்கில் துருப்பிடித்துக் கிடக்கிறது. சாம்பிள் போட்ட ஆபரேட்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். முதல் லாட்டில் சீலின் விளிம்பை நகத்தால் தடவினாலே பிசிறு தட்டுப்பட்டது. இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது ஒன்றுதான்: அந்த மாற்று ஆளின் பிரஸ் இயந்திரத்தில் தினமும் வாங்குபவர்கள் வரிசையில் இருந்தார்கள், நாங்கள் கடைசி.

2000 மார்ச்சில் அல்புகர்க்கியில் பிலிப்ஸின் சிப் ஆலையில் பிடித்த தீ சில நிமிடங்களில் அணைந்துவிட்டது. ஆனால் புகையும் தூசும் சுத்த அறைகளைக் கெடுத்துவிட்டன. அங்கிருந்து செல்ஃபோன் சிப் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நோக்கியாவும் எரிக்சனும். நோக்கியா உடனே பிலிப்ஸின் மற்ற ஆலைகளிலும் வேறு சப்ளையர்களிடமும் இடம் பிடித்தது. எரிக்சன் போய்க் கேட்டபோது மிச்சம் எதுவும் இல்லை.

மாதா மாதம் 20 சதவீதம் கொடுப்பது அந்த இடத்துக்காகத்தான். டை சுத்தமாக இருக்கிறது, ஆய்வறிக்கை வருகிறது, நம் வரைபடம் அங்கே யாருக்காவது மனப்பாடமாக இருக்கிறது. வருடத்தில் ஒரு மாதம் பங்கைத் திருப்பிப் போட்டு, 80ஐ அவரால் தூக்க முடிகிறதா என்று பார்க்கிறோம். செலவு கூடத்தான் செய்கிறது: இரண்டு டை, இரட்டைச் சோதனை, சற்று அதிக விலை. டை மட்டும் நம் சொத்தாக இருக்கட்டும். பிரிய வேண்டி வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

என் அனுபவம் அச்சில் வார்க்கும் பாகங்களோடு நிற்கிறது. சிப்புக்கு இதே கணக்கைச் சொல்லத் துணிய மாட்டேன். உங்கள் 20 சதவீதம் யாருக்கும் பொருட்டில்லாத அளவுக்குச் சிறியது என்றால், ஸ்டாக்கே மேல்.

இன்னொன்று, 2011 பூகம்பத்தில் நின்ற ஜப்பானின் ஓனஹாமா ஆலை. கார் பெயிண்டுக்கு மினுமினுப்புத் தரும் மெர்க்கின் ஸிராலிக் நிறமி உலகத்திலேயே அங்கே மட்டும்தான் தயாரானது. ஃபோர்டு சில கறுப்பு, சிவப்பு நிறங்களுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்தியது. அதை நினைத்துத்தான் எங்கள் சப்ளையர்கள் இருவரிடமும் ரப்பர் காம்பவுண்டு (வார்ப்பதற்கான ரப்பர் கலவை) எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். இருவரும் சொன்னது ஒரே மில். இரண்டாமவருக்கு வேறு மில்லின் காம்பவுண்டைப் போட்டு, சூடான எண்ணெயில் ஊறவைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.