அரை அகல ஹங்குல் எழுத்துகளோடு நான்கு ஆண்டுகள்

கொரிய மொழி படிக்கத் தொடங்கியபோது, டெர்மினலில் (எழுத்து மட்டும் காட்டும் கட்டளைத் திரையில்) ஓடும் ஸ்க்ரிப்ட் என்ற ஒரு சின்ன நிரலை எழுதி அதில் என் சொற்பட்டியலை வைத்துக்கொண்டேன். முதல் பத்தியில் (நெடுவரிசையில்) சொல், நடுவில் அந்தச் சொல்லைத் தனித்தனி எழுத்தாகப் பிரித்துப் போட்டது, கடைசியில் தமிழில் பொருள். கொரிய மொழியின் எழுத்துமுறையான ஹங்குலின் எழுத்து ஒவ்வொன்றும் டெர்மினலில் இரண்டு கட்டம் பிடிக்கும் என்பதால் நடுப்பத்தி வீங்கி, பொருள் அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரே கட்டத்தில் அடங்கும் அரை அகல ஹங்குல் எழுத்துகள், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மெய் 30, உயிர் 21, கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு நிரப்பு எழுத்து.

பத்திகள் சட்டென்று நேரானதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. இந்த ஒரு வேலைக்கு இவை அருமையானவை. மூன்று எழுத்து உள்ள ஓர் அசையைப் பிரித்துக் காட்ட முன்பு ஆறு கட்டம் போனது, இப்போது மூன்றே போதும்.

ஆனால் கொரிய விசைப்பலகையில் தட்டினால் இவை வராது, சாதாரண எழுத்துதான் வரும். அதனால் மாற்றிக்கொடுக்க நானே ஸ்க்ரிப்டில் சில வரிகள் சேர்த்தேன். மெய்கள் வரிசை மாறாமல் இருந்ததால், சாதாரண எழுத்தின் யூனிகோடு எண்ணோடு எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் போதும் என்று நினைத்துவிட்டேன். உயிர்களில் மாட்டிக்கொண்டேன். முதல் மூன்று உயிர்களுக்குப் பதில் வெற்றுப் பெட்டிகள் வந்தன, நான்காவதான 'யே' வர வேண்டிய இடத்தில் 'ஆ' வந்து நின்றது. அரை அகல வரிசையில் மெய்கள் முடிந்ததும் மூன்று இடம் காலி. அப்புறம் ஆறு ஆறு உயிருக்கு ஒரு முறை இரண்டு இடம் காலி. கொரியாவின் 1974ஆம் ஆண்டு எழுத்துக் குறியீட்டுத் தரநிலையில் இருந்த 7 பிட் (128 இடம் மட்டுமே உள்ள) அட்டவணையின் இடைவெளிகள் இவை. முழு அசைகளுக்கு இடமில்லாத அந்த அட்டவணையில் ஒவ்வோர் அசையையும் எழுத்தெழுத்தாகத்தான் அனுப்ப வேண்டும். அந்த அடுக்கு அப்படியே யூனிகோடுக்குள் வந்திருக்கிறது. இன்று யூனிகோடில் 11,172 அசைகளுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு.

பெரிய சிக்கல் ஒரு வருடம் கழித்து வந்தது. கோப்பிலேயே அரை அகல எழுத்துகளைச் சேமித்து வைத்திருந்தேன். ஒருநாள் அந்தப் பத்தியில் 'ஹான்' என்ற அசையைத் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை, திரையிலோ அதன் எழுத்துகள் பளிச்சென்று தெரிகின்றன. சரி, ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்கேசி இயல்பாக்கம் சேர்த்து வைத்துவிடும் என்று ஓடவிட்டேன். கோழி என்று பொருள்படும் 'தாக்' ஒழுங்காக ஒரே அசையாகச் சேர்ந்துவிட்டது. 'ஹான்' மட்டும் 'ஹா' என்றும், ஒட்டாத ஒரு 'ன' என்றும் இரண்டாகவே நின்றது.

காரணம் புரிய ஒரு மாலை முழுதும் ஆனது. ஹங்குலில் அசையின் முதலில் வரும் மெய்க்கும் இறுதியில் வரும் மெய்க்கும் யூனிகோடு வேறு வேறு குறியீடு வைத்திருக்கிறது. அரை அகல எழுத்தில் அந்த வேறுபாடே கிடையாது. அதனால் இயல்பாக்கம் அதை முதல் மெய்யாகவே எடுத்துக்கொள்கிறது. 'தாக்' முடிவில் வருவது இறுதியில் மட்டுமே வரும் கூட்டுமெய் என்பதால் அது தப்பித்தது. தமிழில் 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், தனித்தனியாகவும் வைக்கலாம். இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தப் பழக்கத்தில் இதையும் நம்பிவிட்டேன். கடைசியில் எந்த மெய் இறுதி மெய் என்று கண்டுபிடிக்கும் விதிகளை நானே எழுதித்தான் பட்டியலை மீட்டேன்.

அரை அகலம் என்றால் கோப்பும் பாதியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் 'ஹான்' என்ற முழு அசைக்கு 3 பைட், அதையே மூன்று அரை அகல எழுத்தாக எழுதினால் 9 பைட். திரையிலும் முழு அசை இரண்டு கட்டம், பிரித்தது மூன்று. ஆகவே முழுச் சொற்களை இவற்றில் எழுதினால் எல்லா வகையிலும் நஷ்டம்தான்.

நிரப்பு எழுத்தை மட்டும் தொடாதீர்கள். பத்தியைச் சமன்செய்ய வெற்றிடத்துக்குப் பதிலாக அதைப் போட்டேன். ஒரு டெர்மினலில் ஒரு கட்டம் பிடித்தது, இன்னொன்றில் ஒன்றுமே பிடிக்கவில்லை. யூனிகோடு அதை எழுத்தாகவே வகைப்படுத்தியிருப்பதால், ஓர வெற்றிடங்களை நீக்கும் கட்டளைக்கும் அசையாது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இதை மாறியின் (மதிப்பைச் சேமிக்கும் இடத்தின்) பெயராகவே வைக்க முடியும் என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. படிக்கிறவர் கண்ணில் படாத ஒரு பெயர் நிரலுக்குள் உட்கார்ந்திருக்கும்.

இப்போது கோப்பில் முழு அசைகள் மட்டுமே இருக்கின்றன. பட்டியலைத் திறக்கும்போது நடுப்பத்தியை மட்டும் ஸ்க்ரிப்ட் அரை அகலமாக மாற்றிக் காட்டுகிறது. அங்கிருந்து நகலெடுத்து வேறெங்கும் ஒட்டுவதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு மாறிய பிறகு தேடலில் ஒரு சொல்லும் தவறவில்லை.