எலும்புச் சத்து மாத்திரை: பாட்டிலின் முன்பக்கத்தை நம்பி அரை மாதச் சம்பளத்தை இழந்தேன்

மாத்திரை வாங்கிய தளத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு நேற்று சாயங்காலம் வந்த கடைசி பதில் இதுதான்: "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான். என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. ராத்திரி தூக்கமே இல்லை. பணம் போனதைக்கூட எப்படியோ ஆற்றிக்கொள்ளலாம். அம்மாவின் உடம்பை இரண்டு மாதம் கெடுத்துவிட்டு, "எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி" என்று கீழே ஒரு வரி போட்டிருந்தார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். எலும்புச் சத்து மாத்திரைகளில் என்ன இருக்கிறது, லேபிளை எப்படிப் படிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 64 வயது. பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களுக்கு முன், எலும்பு அடர்த்தியை எக்ஸ்-ரேயால் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.1 என்று வந்தது. மைனஸ் 1-க்குக் கீழே போனால் எலும்பு அடர்த்தி குறைவு, மைனஸ் 2.5-ஐத் தொட்டால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு எளிதில் முறியக்கூடிய நோய். அம்மா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். டாக்டர் பதறவில்லை. "ரத்தத்துல வைட்டமின் டி எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு மாத்திரையை முடிவு பண்ணலாம்" என்றார். நான்தான் பொறுக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே இணையத்தில் தேட ஆரம்பித்தேன்.

ஆரோக்கியப் பொருட்கள் மட்டும் விற்கும் ஒரு தளம். பெயர் சொல்லப் போவதில்லை. 'எலும்பு ஆலோசகரிடம் இலவசமாகப் பேசுங்கள்' என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. நிதானமான குரல். அவர் எடுத்த எடுப்பில் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை. "அம்மா மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கிறாங்களா மேடம்?" என்று கேட்டார். அன்று காலைதான் பார்த்திருந்தேன். கைப்பிடிக் கம்பியை அம்மா பிடித்திருந்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன. இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து, நின்று, அடுத்த படிக்கு இறங்கினார். அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் அதையே கேட்டதும் தொண்டை அடைத்துவிட்டது. அந்த இடத்தில்தான் விழுந்தேன். வயதானவர்கள் எல்லோருமே கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குவார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

"எங்க அம்மாவுக்கும் இதேதான் கொடுக்கிறேன் மேடம்" என்றார் அப்புறம். ஆழ்கடல் பவளத்திலிருந்து எடுத்த கால்சியம், 3000 மில்லிகிராம், வேறு எதிலும் இவ்வளவு கிடையாது என்றார். மூன்றே மாதத்தில் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், அடர்த்தி ஏறியிருக்கும் என்று அடித்துச் சொன்னார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரே, ஏதாவது ஆகுமா என்று. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அந்த மனிதர். "ஒண்ணும் பண்ணாது மேடம். காலையில வெறும் வயித்துல தைராய்டு மாத்திரையோடயே சேர்த்து ரெண்டு கொடுத்துடுங்க. அப்பத்தான் முழுசா உடம்புல ஏறும்."

நான் கேட்டேன் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கேட்காமல் ஏமாறவில்லை. கேட்டேன், பொய்யான பதில் வந்தது.

ஆறு பாட்டில் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி, ஒரு வருடத்துக்கு வரும் என்றார். அரை மாதச் சம்பளம். ஒரே தவணையில் கட்டினேன்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் அம்மா பகலிலேயே படுக்க ஆரம்பித்தார். மலச்சிக்கல். முகம் உப்பியது. குளிர் தாங்கவில்லை. ஆலோசகருக்கு அழைத்தேன். அன்றைக்கு எடுத்தார். "உடம்புல இருக்கிற கழிவு வெளியேறுது மேடம், நல்ல அறிகுறி, நிறுத்திடாதீங்க" என்றார். அதையும் நம்பி இன்னும் இரண்டு வாரம் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் நெஞ்சு பதைக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 11.6. உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும் எண் இது. போன தடவை 2.8 இருந்தது. பத்து வருடமாக ஒழுங்காக இருந்த எண். "புதுசா என்ன சாப்பிடுறீங்கம்மா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "இந்தக் கணக்கெல்லாம் எத்தனை மாத்திரைக்குப் போட்டிருக்கான் பார்த்தீங்களா?" என்று என்னிடம் நீட்டினார்.

நாலு மாத்திரைக்கு. முன்பக்கத்தில் தங்க நிறத்தில் 3000 என்று கொட்டை எழுத்தில் போட்டது நாலு மாத்திரை சேர்ந்த எடை. அதுவும் கால்சியத்தின் எடை இல்லை. 'சிறப்பு எலும்புக் கலவை 3000 மி.கி.' என்று ஒரே வரி. அதற்குக் கீழே பவளக் கால்சியம் கார்பனேட், மெக்னீசியம் ஆக்சைடு, ஸ்ட்ரான்டியம் சிட்ரேட், கொலாஜன், குளுக்கோசமைன் என்று பெயர்கள் வரிசையாக இருந்தன. எதற்கு எதிரேயும் அளவு இல்லை. தனிக் கலவை என்று மொத்தமாக ஒரு எடையைப் போட்டுவிட்டால் உள்ளே எது எவ்வளவு என்பது விற்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினார். கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம்தான் நிஜமான கால்சியம். 1250 மி.கி. கார்பனேட் சாப்பிட்டால் 500 மி.கி. கால்சியம். சிட்ரேட்டாக இருந்தால் 21 சதவீதம், குளுக்கோனேட்டாக இருந்தால் 9 சதவீதம்தான். ஆக, அந்தக் கலவை முழுக்கக் கார்பனேட்டாகவே இருந்தாலும் நாலு மாத்திரையில் 1200 மி.கி.தான் வரும். அம்மா சாப்பிட்டது இரண்டு, அப்படியென்றால் உச்சபட்சம் 600. மற்றதெல்லாம் கலந்திருப்பதால் அதுவும் இருக்காது. இன்னொன்று சொன்னார். 3000 மி.கி. கால்சியம் என்று அந்த ஆள் சொன்னது நிஜமாக இருந்திருந்தால் அது இன்னும் மோசம். 50 வயதைத் தாண்டியவர்களுக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு 2000 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க வழிகாட்டுதல். பெண்களுக்குத் தேவையானது 1200, அதிலும் ஒரு பங்கு சாப்பாட்டிலேயே வந்துவிடும். ஒரு வேளைக்கு 500-க்கு மேல் கொடுத்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் விகிதமும் குறைந்துவிடும்.

வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னாரே, அதுவும் தப்பு. கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். அசிடிட்டிக்கு ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கார்பனேட் சரியாக ஏறாது, சிட்ரேட்தான் பொருத்தம். எல்லாவற்றையும்விடக் கொடுமை தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தது. கால்சியம் குடலிலேயே அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆக, இரண்டு மாதமாக அம்மா தைராய்டு மாத்திரையை விழுங்கியும் பாதிதான் உடம்பில் சேர்ந்ததோ என்னவோ. அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பவளம் என்கிறார்களே, அதன் பெரும்பகுதி அதே கால்சியம் கார்பனேட்தான். சாதாரணக் கார்பனேட் மாத்திரையில் இருப்பதுதான். பவளக் கால்சியம் புற்றுநோயைக்கூடக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்தவர்கள் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2003-லேயே வழக்குப் போட்டிருக்கிறது. இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஸ்ட்ரான்டியத்தைப் பார்த்ததும்தான் டாக்டருக்கே கோபம் வந்தது. "மூணு மாசத்துல ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்களா? இதுக்குத்தான்" என்றார். ஸ்ட்ரான்டியம் கால்சியத்தைவிடக் கனமான தனிமம். எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டு எக்ஸ்-ரேயைக் கூடுதலாகத் தடுக்கும். எலும்பு அந்த அளவுக்குப் பலப்படாமலேயே ஸ்கேனில் எண் ஏறித் தெரியும். ஐரோப்பாவில் மருத்துவர் சீட்டில் கொடுக்கப்பட்ட ஸ்ட்ரான்டியம் ரனிலேட் என்ற மருந்துக்கே, இதய ஆபத்து காரணமாக 2014-ல் கடுமையான கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். அம்மா மாதிரி ஒருவருக்கு, அளவுகூடச் சொல்லாமல், சத்து மாத்திரைக்குள் ஸ்ட்ரான்டியத்தை வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக டெக்ஸா ஸ்கேனை மறுபடி எடுக்க ஒரு வருடம், இரண்டு வருடமாவது விடுவார்கள்.

வைட்டமின் டி-க்கு மட்டும் அளவு போட்டிருந்தது. நாலு மாத்திரைக்கு 5 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு). அம்மா சாப்பிட்ட இரண்டு மாத்திரையில் வெறும் 100 ஐ.யு. அவர் வயதுக்கு ஒரு நாளைக்கு 600 வேண்டும். குளுக்கோசமைன் எலும்புக்கே இல்லை, மூட்டு வலிக்கு என்று விற்பது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு மாத்திரையை வினிகரில் போட்டுப் பார்த்தேன். கார்பனேட் மாத்திரை கரையுமா என்று வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கும் வழி இது. அரை மணி நேரத்துக்குள் கலைந்துவிட வேண்டும். அவ்வப்போது கலக்கிவிட்டுக்கொண்டே இருந்தேன். மேல் பூச்சு மட்டும் ஊதா நிறமாகக் கசிந்தது. நாலைந்து குமிழி வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து ஸ்பூனால் அழுத்தினேன், டக்கென்று கண்ணாடியில் இடித்தது. உள்ளே வெள்ளைக் கல் அப்படியே இருந்தது. ஒரு மாத்திரைக்கு ஆகும் காசை அப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன், வயிறு எரிந்தது.

சரி, பணத்தைக் கேட்ட கதைக்கு வருகிறேன். அரை மாதச் சம்பளம், ஆறு பாட்டில், அதில் நாலு சீல் உடைக்காதது. முதல் நாள் சாட்டில் "ஏழு வேலை நாட்களில் தொடர்புகொள்வோம்" என்று வந்தது. பத்து நாள் காத்திருந்தேன். அப்புறம் மருத்துவரின் கடிதம் கேட்டார்கள், அனுப்பினேன். ரத்தப் பரிசோதனை முடிவு கேட்டார்கள், அனுப்பினேன். "பொருள் மூன்றாம் தரப்பு விற்பனையாளருடையது, அவரிடம் பேசுங்கள்" என்றார்கள். விற்பனையாளர், "பணம் தளத்திடம்தான் கட்டினீர்கள், அங்கே கேளுங்கள்" என்றார். மறுபடி தளத்துக்கு வந்தால் புதுப் புகார் எண், புது ஆள், முதலிலிருந்து கதை. ஒரு பெண் மட்டும் தாழ்ந்த குரலில் "புரியுது மேடம், ஆனா சிஸ்டம்ல ஆப்ஷன் இல்லை" என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சீல் உடைக்காத நாலு பாட்டிலையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, திருப்பித் தரும் காலம் 15 நாள், அது முடிந்துவிட்டது என்றார்கள். 15 நாளில் எந்த மாத்திரையின் வண்டவாளம் தெரியும்? ஆலோசகரின் எண் இப்போது எடுக்கப்படுவதே இல்லை. அந்தப் பக்கத்தில் நான் எழுதிய விமர்சனம் 'பரிசீலனையில்' இருக்கிறது, மூன்று வாரமாக. 'வலி பறந்தது' என்ற ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் மட்டும் தினமும் புதிதாக வருகின்றன. கடைசியில் எனக்குத் தருவதாகச் சொன்னது, அடுத்த வாங்கலுக்குப் பத்து சதவீதக் கூப்பன். அரை மாதச் சம்பளத்துக்கு ஒரு கூப்பன்.

"விடும்மா, போனது போகட்டும்" என்கிறார் அம்மா. என்னால் முடியவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாட்டிலைத் திருப்புங்கள், அளவு எத்தனை மாத்திரைக்கு என்று முதலில் பாருங்கள். கால்சியம் தனியாக எவ்வளவு என்று போடாமல் கலவை என்று மொத்த எடை போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பட்டியலில் ஸ்ட்ரான்டியம் இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள், ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் ஸ்கேனுக்கு முன் சொல்லுங்கள். வைட்டமின் கே இருந்தால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கேட்காமல் எடுக்கவே கூடாது. தைராய்டு மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, சில ஆன்டிபயாடிக், எலும்புக்கே கொடுக்கும் அலென்ட்ரோனேட், எதனோடும் கால்சியத்தைச் சேர்த்து விழுங்க வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கட்டாயம் கேட்டுவிட்டு வாங்குங்கள். 36,282 பெண்களை வைத்து அமெரிக்காவில் சராசரி ஏழு வருடம் நடந்த ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. கால்சியமும் டி-யும் கொடுத்ததில் இடுப்பெலும்பின் அடர்த்தி ஒரு சதவீதம்தான் கூடுதல், சிறுநீரகக் கல்லோ 17 சதவீதம் அதிகம். மூன்று மாதத்தில் அடர்த்தி ஏறும் என்று யாராவது போனில் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். ஆறு பாட்டிலாக ஒருபோதும் வாங்காதீர்கள்.

தைராய்டு மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டவில்லை. எலும்புச் சத்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. முடிவு வந்ததும் இதிலேயே கீழே சேர்க்கிறேன்.